எதைச் சேர்ப்பது, எதை விடுவது: தபால் தலையும் நாணயமும் சேகரிக்கத் தொடங்குவோருக்குத் தரம் வகுக்கும் வழி

சேகரிக்கத் தொடங்கிய புதிதில் ஆல்பம் மளமளவென்று நிறையும். கண்ணில் படுவதெல்லாம் புதுமையாகத் தெரியும், கைக்கு வந்ததையெல்லாம் வைத்துக்கொள்ளத் தோன்றும். அதில் தவறேதும் இல்லை. ஆனால் சில ஆண்டுகள் கழித்து அதே ஆல்பத்தைப் புரட்டும்போது பலருக்கும் ஓர் ஏமாற்றம் வரும். நிறைய இருக்கும், எடுத்துக் காட்ட மனம் வராது. ஓரம் கிழிந்த தபால் தலைகள், முகம் தேய்ந்துபோன நாணயங்கள், ஒரே பொருளின் நான்கு சுமாரான பிரதிகள். இத்தனைக்கும் செலவழித்த தொகையைக் கூட்டிப் பார்த்தால் நல்லதாக நாலைந்து வாங்கியிருக்கலாம்.

இதைத் தவிர்க்க ஒரே வழி, வாங்குவதற்கு முன்பே தரத்தை எழுதி வைப்பது. பொருளைக் கையில் வாங்கிப் பார்த்தபிறகு “இது போதும்” என்று முடிவு செய்தால், அந்த முடிவை எடுப்பது ஆசைதான். அந்த நேரத்தில் குறை கண்ணுக்குத் தெரியாது. தெரிந்தாலும் அதற்கு மனம் ஒரு சமாதானம் கண்டுபிடித்துவிடும். முன்கூட்டியே எழுதிய நாலு வரி அங்கே கைகொடுக்கும்.

தரம் என்றதும் இருப்பதிலேயே உயர்ந்ததை மட்டும் வாங்குவது என்று நினைக்க வேண்டாம். எதற்குக் கீழே இறங்கமாட்டேன் என்ற எல்லைதான் தரம். அந்த எல்லை ஆளுக்கு ஆள் மாறும், பொருளுக்குப் பொருள் மாறும். தப்பான இடத்தில் அதை வைத்தால் நல்ல பொருளை இழப்பதோடு போகாது, போலிக்காரர்களுக்கு நாமே கதவைத் திறந்துவிட்டதாகவும் ஆகும். அது எப்படி என்று கீழே சொல்கிறேன்.

முதல் படி: எதற்காகச் சேர்க்கிறீர்கள் என்று ஒரு வாக்கியம்

“பழைய தபால் தலைகள்” என்பது நோக்கம் ஆகாது. “செதுக்கு அச்சில் வந்த 19-ஆம் நூற்றாண்டுத் தபால் தலைகள், அச்சின் அழகுக்காக” என்றால் அது நோக்கம். (உருவத்தை உலோகத் தகட்டில் செதுக்கி அச்சிடுவதுதான் செதுக்கு அச்சு.) “ஒரே ஊரின் அஞ்சல் நிலைய முத்திரைகள் காலப்போக்கில் எப்படி மாறின என்று காட்டும் தபால் தலைகள்” என்பதும் நோக்கம்தான்.

இந்த இரண்டு பேருக்கும் ஒரே தபால் தலையைக் கொடுத்துப் பாருங்கள். முதலாமவருக்கு முத்திரை எவ்வளவு லேசாக, மூலையோடு ஒதுங்கி விழுந்திருக்கிறதோ அவ்வளவு நல்லது. உருவத்தின் முகத்தில் விழுந்த கறுப்பு வட்டம் அவர் கண்ணுக்குக் கறை. இரண்டாமவருக்கு ஊர்ப்பெயரும் தேதியும் நடுவில் முழுசாக, தெளிவாக விழுந்த முத்திரைதான் வேண்டும். மூலையில் கால் வட்டம் மட்டும் இருந்தால் அவருக்கு அது பயனற்றது. ஒருவர் ஒதுக்கியதை மற்றவர் தேடி அலைவார். அடுத்தவர் வைத்திருக்கும் தரப்பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று புதியவர்களிடம் நான் வற்புறுத்துவது இதனால்தான்.

நாணயத்திலும் இதே கதை. ஒரு மன்னரின் ஆட்சிக்காலத்தில் புழக்கத்தில் இருந்ததைக் காட்ட விரும்புகிறவருக்குக் கைபட்டுச் சீராகத் தேய்ந்த நாணயம் பொருத்தமானது. அச்சுக்கலையைக் காட்ட விரும்புகிறவருக்குப் புழங்காத நாணயம் வேண்டும்.

அந்த ஒரு வாக்கியத்தை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். பின்னால் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் எழுதாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

இரண்டாம் படி: உண்மையானதா என்ற கேள்வியைத் தனியாகப் பிரியுங்கள்

ஒரு பொருளைப் பார்க்கும்போது மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று கலந்து வரும். உண்மையானதா? முழுமையாக இருக்கிறதா? எந்த நிலையில் இருக்கிறது? பின்னிரண்டிலும் விட்டுக்கொடுக்க இடம் உண்டு. முதலாவதில் இல்லை. தெரிந்தே போலியைச் சேகரிப்பது வேறு விஷயம். அது சுவையான தனித்துறை. ஆனால் அசல் என்று நினைத்துப் போலியை வைத்திருப்பது மொத்தச் சேகரிப்பின் மீதும் சந்தேகத்தைக் கொண்டுவந்துவிடும்.

போலிகள் எவ்வளவு தூரம் போகும் என்று தெரிந்துகொள்ள ஜான் தெ ஸ்பெராத்தியின் கதை போதும். 1884-இல் பிறந்த இவர் மலிவான அசல் தபால் தலைகளை எடுத்து, மேலே இருந்த அச்சை மட்டும் ரசாயனத்தால் நீக்கிவிட்டு, அதே தாளில் அரிய தபால் தலையின் உருவத்தை அச்சிட்டார். தாள் அசல். துளைகள் அசல். பல சமயம் முத்திரையும் அசல். அச்சு மட்டுமே பொய். 1942-இல் அவர் போர்ச்சுகலுக்கு அனுப்பிய ஒரு பொட்டலம் பிரெஞ்சுச் சுங்கத்திடம் சிக்கியது. விலைமதிப்பற்ற தபால் தலைகளைத் தீர்வை கட்டாமல் கடத்துகிறார் என்று வழக்கு. “அவை அசலே இல்லை, நான் செய்தவை” என்பதுதான் அவருடைய வாதம். நிபுணர்களோ அசல் என்றே சொல்லிவிட்டிருந்தார்கள். 1954-இல் அவர் தம் சரக்கையும் கருவிகளையும் பிரிட்டிஷ் தபால் தலைச் சங்கத்துக்கு விற்றுவிட்டார், இனி இவை சந்தைக்கு வரக் கூடாது என்ற நோக்கத்தோடு அவர்கள் வாங்கினார்கள்.

ஆகவே விலை கூடிய தபால் தலை என்றால் உங்கள் கண்ணை மட்டும் நம்பாதீர்கள். 1869-இல் தொடங்கிய லண்டன் ராயல் தபால் தலைச் சங்கம் போன்ற அமைப்புகளின் நிபுணர் குழுக்கள் ஆராய்ந்து சான்றிதழ் தருகின்றன. எந்தத் தொகைக்கு மேல் போனால் சான்றிதழ் இல்லாமல் வாங்கமாட்டேன் என்று ஓர் எண்ணை முடிவு செய்து நோட்டில் எழுதுங்கள். உங்கள் வசதிக்கு எந்தத் தொகையை இழந்தால் வலிக்குமோ அதுவே அந்த எண்.

நாணயத்தில் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள் அதிகம். 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசு, விட்டம் அளக்கும் காலிப்பர், ஒரு காந்தம், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் இருந்தால் முரட்டுப் போலிகளில் பெரும்பகுதி அங்கேயே விழுந்துவிடும். ஓர் உதாரணம். 1943-இல் செம்பு போருக்குத் தேவைப்பட்டதால் அமெரிக்கா ஒரு சென்ட் நாணயத்தைத் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தது. தவறுதலாக மிகச் சில வெண்கலத்தில் அடிக்கப்பட்டன. அவை மிக அரியவை என்பதால் எஃகு நாணயத்துக்குச் செம்பு முலாம் பூசி விற்பவர்கள் உண்டு. காந்தத்தைக் காட்டினால் ஒட்டிக்கொள்ளும், கதை முடிந்தது. எடையும் காட்டிக்கொடுக்கும்: எஃகு 2.70 கிராம், வெண்கலம் 3.11 கிராம். ஆனால் 1948-ஆம் ஆண்டு வெண்கல நாணயத்தில் 8-ஐச் சுரண்டி 3 ஆக்கியிருந்தால் காந்தமும் தராசும் ஒன்றும் சொல்லாது. அங்கே லென்ஸை வைத்து அந்த 3-இன் வாலைப் பார்க்க வேண்டும். அசலில் அது மற்ற எண்களைவிடக் கீழே இறங்கி நீண்டிருக்கும். ஒரு சோதனையில் தேறியதும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

அசல் என்பதற்கே விளக்கம் எழுதிக்கொள்ள வேண்டிய இடங்களும் உண்டு. மரியா தெரசா தாலர் என்ற வெள்ளி நாணயத்தில் 1780 என்று இருக்கும், அது அந்த அரசி மறைந்த ஆண்டு. ஆனால் வணிகர்கள் அந்த உருவத்தையே நம்பியதால் அதே 1780-ஐப் போட்டு வியன்னா, லண்டன், ரோம், பம்பாய் என்று பல நாணயச்சாலைகள் பின்னாளில் அடித்துக்கொண்டே இருந்தன. எடை சுமார் 28.07 கிராம், வெள்ளி ஆயிரத்துக்கு 833 பங்கு. அதிகாரபூர்வமான மறு அச்சைப் போலி என்று சொல்ல முடியாது. ஆனால் 18-ஆம் நூற்றாண்டு நாணயம் என்று நினைத்து வாங்கினால் நீங்கள் ஏமாந்ததாகத்தான் அர்த்தம். மறு அச்சு உங்கள் சேகரிப்பில் இடம்பெறுமா, இடம்பெற்றால் எப்படிக் குறிப்பீர்கள் என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள்.

மூன்றாம் படி: நிலையைப் பார்க்கக் கண்ணைப் பழக்குங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் போகும், போகவும் வேண்டும். வாங்காமல் பார்த்துக்கொண்டே இருக்கும் காலம் ஒன்று ஒவ்வொரு சேகரிப்பாளருக்கும் தேவை. கண்காட்சி, ஏலத்துக்கு முந்தைய பார்வை நாள், மூத்த சேகரிப்பாளரின் வீடு, எங்கு வாய்ப்புக் கிடைத்தாலும் நல்லதையும் மோசமானதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றை மட்டும் தனியாகப் பார்த்தால் எதுவுமே நன்றாகத்தான் தெரியும்.

நாணயத்திலிருந்து தொடங்கலாம். ஒற்றை விளக்கின் கீழே, நாணயத்தின் விளிம்பை மட்டும் பிடித்து மெதுவாகச் சாய்த்துச் சுழற்றுங்கள். புழங்காத நாணயம் என்றால் மேற்பரப்பில் ஒளிக்கீற்று ஒன்று வண்டிச்சக்கரத்தின் ஆரக்கால் போலச் சுற்றிவரும். அச்சு அழுத்தும்போது உலோகம் நடுவிலிருந்து வெளிநோக்கி நகர்ந்து ஏற்படுத்தும் நுண்ணிய வரிகள்தான் அதற்குக் காரணம். புழக்கத்தில் முதலில் தேய்வது மேடான இடங்கள்: கன்னம், காதுக்கு மேலே தலைமுடி, பறவையின் மார்பு. அங்கே ஒளிக்கீற்று அறுந்து, நிறம் மங்கித் தெரிந்தால் தேய்மானம் தொடங்கிவிட்டது என்று பொருள். அதே மேடான இடத்தில் உருவம் தெளிவில்லாமல் இருந்தும் ஒளிக்கீற்று அறாமல் ஓடினால் அது தேய்மானம் இல்லை, அடிக்கும்போதே அச்சு சரியாக விழவில்லை. இந்த வித்தியாசம் புத்தகத்தில் படித்தால் பிடிபடாது. விளக்கடியில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தால் ஒரு நாள் சட்டென்று கண்ணுக்குத் தெரியும், பிறகு மறக்காது.

அடுத்து, தேய்த்துப் பளபளப்பாக்கிய நாணயம். புதியவர்களை இழுப்பது இதுதான். நன்றாகத்தான் மின்னும். ஆனால் அந்த ஒளி சுழலாது, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தட்டையாக நிற்கும். லென்ஸில் பார்த்தால் மெல்லிய கீறல்கள் ஒரே திசையில் ஓடும். எழுத்துகளின் இடுக்கில் மட்டும் பழைய கருமை மிச்சமிருக்கும். இப்படித் தேய்த்தால் போன மேற்பரப்பு போனதுதான், எதுவும் அதைத் திருப்பித் தராது. அதனால்தான் அனுபவசாலிகள் மங்கிய அசல் மேற்பரப்பைத் தேய்த்து மினுக்கியதைவிட மேலாக மதிக்கிறார்கள். “பளபளப்பாக இருக்க வேண்டும்” என்று தரம் எழுதினீர்களானால், மினுக்கிய நாணயங்கள் உங்களைத் தேடி வரும். “மேற்பரப்பு தீண்டப்படாமல் இருக்க வேண்டும்” என்று எழுதுங்கள்.

தபால் தலைக்கு வருவோம். முன்பக்கத்தில் பார்ப்பது நான்கு: உருவம் நடுவில் இருக்கிறதா, நிறம் வெளுக்காமல் இருக்கிறதா, துளைப்பற்கள் எல்லாம் இருக்கின்றனவா, முத்திரை எப்படி விழுந்திருக்கிறது. இதற்கு அரை நிமிடம் போதும். பின்பக்கத்துக்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும். தட்டை முனை இடுக்கியால் எடுத்து, கறுப்புத் தட்டில் கவிழ்த்து வைத்து, பிறகு விளக்குக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். தபால் தலையை ஆல்பத்தில் ஒட்டப் பயன்படும் சிறு கோந்துத் துண்டான ஹிஞ்ச் காகிதத்தை அவசரமாகப் பிய்த்த இடத்தில் தாள் மெலிந்து வெளிச்சம் கூடுதலாக ஊடுருவும். மடிப்பு ஒரு கோடாகத் தெரியும். முன்பக்கம் குறையே இல்லாத தபால் தலை ஒன்று பின்பக்கத்தில் இப்படி மாட்டிக்கொள்வது அன்றாடம் நடப்பது.

துளைகளை அளக்க அளவி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை துளை என்பதுதான் கணக்கு. ஒரே உருவம், ஒரே நிறம், துளை அளவு மட்டும் வேறு என்றால் அது வேறு வெளியீடாக இருக்கலாம், மதிப்பும் வேறாக இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் துளைகள் மிக ஒழுங்காக, பற்கள் மிகக் கூர்மையாக இருந்து, தலையின் அகலமும் சற்றுக் குறைந்திருந்தால், துளையே இல்லாத நேர்விளிம்பை மறைக்கப் பிற்பாடு போட்ட துளையாக இருக்கக்கூடும்.

புற ஊதா விளக்கும் உதவும். தாளை வெண்மையாக்கும் ரசாயனங்கள் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் பரவலாக வந்தன. 19-ஆம் நூற்றாண்டுத் தபால் தலை என்று சொல்லப்படுவது அந்த விளக்கின் கீழே நீலவெள்ளையாகப் பளீரென்று ஒளிர்ந்தால் உஷாராகிவிடுங்கள். சோப்புத்தூள் கலந்த நீரில் ஊறவைத்தாலும் அப்படி ஒளிரலாம், அதனால் ஒளிர்வதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது.

தப்பான தரம் போலியை அழைக்கும்

முன்பு சொன்னேனே, அந்த விஷயம். புதியவர்கள் பலர் “பயன்படுத்தாத தபால் தலை என்றால் ஹிஞ்ச் படாத, முழுக் கோந்து உள்ளது மட்டும்தான்” என்று எல்லாக் காலத்துக்கும் பொதுவாக எழுதிவிடுகிறார்கள். 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதித் தபால் தலைகளுக்கு இது நியாயமான விதி, ஏராளமாகக் கிடைக்கும். ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் ஹிஞ்ச் போட்டு ஆல்பத்தில் ஒட்டுவதுதான் ஒழுங்கான சேகரிப்பு என்று கருதப்பட்டது. அந்தக் காலத்துத் தபால் தலை கோந்து கலையாமல், எதுவும் ஒட்டாமல் இன்றுவரை வந்திருப்பது அபூர்வம்.

அபூர்வமான ஒன்றுக்கு எல்லோரும் கூடுதல் விலை கொடுக்கத் தயாராக இருந்தால் என்ன நடக்கும்? யாராவது அதைத் தயாரிப்பார்கள். பழைய கோந்தைக் கழுவிவிட்டுப் புதுக் கோந்து பூசுவது ஒரு தொழிலாகவே நடந்திருக்கிறது. பொதுவாகக் கோந்து பூசி முடித்த தாளில்தான் துளையிடுவார்கள். அதனால் அசலில் பற்களின் நுனியில் தாள் நார்கள் மென்மையாகத் துருத்தி நிற்கும். மறுகோந்து பூசியதில் கோந்து பற்களுக்குள் வழிந்து நுனிகள் விறைத்திருக்கும். லென்ஸில் பார்த்தால் தெரியும், விரல் நுனியில் லேசாக உரசினாலே விறைப்பு புலப்படும்.

ஹிஞ்ச் தடம் தெளிவாக உள்ள, அசல் கோந்து மிச்சமிருக்கும் ஒரு நேர்மையான தபால் தலை, பின்பக்கம் கண்ணாடி போல மின்னும் மறுகோந்துத் தலையைவிட எவ்வளவோ மேல். உங்கள் விதியைக் காலத்துக்கு ஏற்பப் பிரித்து எழுதுங்கள். நாணயத்தில் பளபளப்பு என்ன வேலை செய்கிறதோ அதையே தபால் தலையில் கோந்து செய்கிறது.

நான்காம் படி: கிரேடு எண்ணைப் புரிந்துகொள்ளுங்கள், எண்ணை வாங்காதீர்கள்

நாணய உலகில் 1 முதல் 70 வரையிலான எண் அளவுகோல் ஒன்று உண்டு. வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949-இல் அமெரிக்காவின் பழைய பெரிய செம்பு சென்ட்களுக்காக உருவாக்கியது. இன்று பரவலாக எல்லா நாணயங்களுக்கும் பயன்படுகிறது. 60-இலிருந்து 70 வரை புழங்காதவை. 50-ஐ ஒட்டியவை ஏறக்குறையப் புழங்காதவை. 40 ‘எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்’, 20 ‘வெரி ஃபைன்’, 12 ‘ஃபைன்’. ‘குட்’ என்று எழுதியிருப்பது வெறும் 4, அதாவது உருவத்தின் வெளிக்கோடு மட்டும் மிஞ்சிய நாணயம். விற்பனைப் பட்டியலில் ‘குட்’ என்று பார்த்து நல்ல நிலையில் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

நாணயத்தை ஆராய்ந்து, எண் கொடுத்து, பிளாஸ்டிக் பெட்டியில் முத்திரையிட்டுத் தரும் நிறுவனங்களில் பி.சி.ஜி.எஸ். 1986-இலும் என்.ஜி.சி. 1987-இலும் இயங்கத் தொடங்கின. இவை பெரிய உதவி. ஆனால் பெட்டியையே போலியாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். பெட்டியில் உள்ள எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே படம் இருந்தால் கையில் உள்ள நாணயத்தோடு ஒப்பிடுங்கள். எண் இல்லாமல் ‘டீடெயில்ஸ்’ என்று மட்டும் இருந்தால், நாணயம் அசல்தான், ஆனால் தேய்த்தல், சுரண்டல் போன்ற ஏதோ ஒரு சேதம் இருக்கிறது என்று பொருள்.

ஒரே எண் பெற்ற இரண்டு நாணயங்களில் ஒன்று கண்ணைக் கவரும், இன்னொன்று முகத்தின் நடுவே ஒரு வெட்டுத் தழும்போடு இருக்கும். என் கருத்தில், புழங்காதவற்றில் எண்ணை ஒன்றிரண்டு கூட்டுவதற்குக் கொடுக்கும் பணத்தை, ஒரு படி கீழே இருந்தாலும் கண்ணுக்கு நிறைவான நாணயத்துக்குக் கொடுப்பதே மேல். புதியவர்களுக்கு ‘வெரி ஃபைன்’ நல்ல கீழெல்லை. எழுத்தெல்லாம் படிக்க முடியும், முகத்தின் அம்சங்கள் தெரியும், பையும் தாங்கும்.

ஐந்தாம் படி: அருமைக்கு ஏற்ப எல்லையை வளையுங்கள், முன்கூட்டியே

1840 மே மாதம் பிரிட்டனில் வெளிவந்த பென்னி பிளாக்தான் உலகின் முதல் ஒட்டும் தபால் தலை. அதனாலேயே அது அரியது என்று நினைப்பவர்கள் நிறைய. சுமார் 6.8 கோடி அச்சிட்டார்கள்; இன்றும் எந்த நேரமும் விற்பனைக்குக் கிடைக்கும். ஒரு தாளில் 240 தலைகள், 20 வரிசை, வரிசைக்கு 12. துளை கிடையாது, இடைவெளியும் மிகக் குறுகல். அஞ்சல் ஊழியர் கத்தரியால் வெட்டும்போது பெரும்பாலானவற்றின் ஓரம் உருவத்துக்குள் போய்விட்டது. அதனால் அதற்கான தரக் கேள்வி மிக எளிது: நான்கு பக்கமும் வெள்ளை ஓரம் இருக்கிறதா? மூன்று பக்கம் மட்டும் ஓரம் உள்ளதை அவசரப்பட்டு வாங்க ஒரு காரணமும் இல்லை, நான்கு பக்கமும் உள்ளது நாளை வரும்.

இதற்கு நேர் எதிர், 1856-இல் வெளிவந்த பிரிட்டிஷ் கயானாவின் ஒரு சென்ட் மஜென்டா. அங்கீகரிக்கப்பட்டது உலகில் ஒன்றே ஒன்று. நான்கு மூலைகளும் வெட்டப்பட்டு எண்கோணமாக இருக்கும், மேற்பரப்பு தேய்ந்திருக்கும், முத்திரை உருவத்தின் மேலேயே விழுந்திருக்கும். சாதாரணத் தபால் தலையில் இதில் ஒரு குறை இருந்தாலே ஒதுக்கிவிடுவோம். ஆனாலும் 2014-இல் 90 லட்சம் டாலருக்கும் மேல் ஏலம் போனது. அதைவிட நல்ல பிரதி என்று ஒன்று இல்லாதபோது குறைக்கு என்ன பொருள்?

நம் சேகரிப்பில் இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில்தான் எல்லாம் வரும். நான் மூன்றாகப் பிரிப்பேன். எப்போது தேடினாலும் கிடைப்பது: எந்தக் குறைக்கும் இடமில்லை. தேடினால் ஓரிரு ஆண்டில் கிடைப்பது: முன்பக்கம் கெடாத ஒரு சிறு குறை போகட்டும். வாழ்நாளில் சில முறைதான் எதிர்ப்படும் என்பது: அசல் என்றால் போதும், நிலை எப்படி இருந்தாலும் பேசலாம். எது எந்த வகை என்பதை, பொருள் எதிரே வருவதற்கு முன்பே கேட்டலாக்கையும் பழைய ஏலப் பட்டியல்களையும் பார்த்து முடிவு செய்துவிட வேண்டும். விற்பவர் “இது ரொம்ப அபூர்வம்” என்று சொல்லும் நேரத்தில் முடிவு செய்தால் எல்லாமே மூன்றாம் வகையாகத்தான் தெரியும்.

ஆறாம் படி: எழுதுங்கள்

ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. போனால் வாங்கும் இடத்தில் யாரும் படிக்கமாட்டார்கள். மாதிரிக்கு ஒன்று:

“செதுக்கு அச்சில் வந்த, 1840 முதல் 1900 வரையிலான, பயன்படுத்திய தபால் தலைகள். உருவத்தின் முகம் முத்திரையால் மறையக் கூடாது. துளையில்லாதவற்றில் நான்கு பக்கமும் ஓரம் வேண்டும். துளையுள்ளவற்றில் ஒரு பல் குட்டையாக இருக்கலாம், இல்லாமல் போயிருக்கக் கூடாது. மெலிவு, கிழிசல், மடிப்பு கூடாது. என் அரியவை பட்டியலில் உள்ள தலைகளுக்கு மட்டும் பின்பக்கச் சிறு மெலிவு போகட்டும். ஒட்டுப்போட்டதும் நிறம் தீட்டியதும் எந்த நிலையிலும் வேண்டாம். குறித்த தொகைக்கு மேல் சான்றிதழ் கட்டாயம்.”

இதில் ஒவ்வொரு வரியும் பார்த்துச் சொல்லக்கூடிய ஒன்று என்பதைக் கவனியுங்கள். “நல்ல நிலை”, “அழகானது” போன்ற சொற்கள் ஒன்றுகூட இல்லை. இன்னொருவர் கையில் இந்தத் தாளைக் கொடுத்தால் அவரும் நீங்கள் எடுப்பதையே எடுக்க வேண்டும். வேறொன்றை எடுத்தால் எந்த வரி தெளிவில்லை என்று பார்த்துத் திருத்துங்கள்.

வாங்கும் நேரத்தில்

நேரில் வாங்கினால் லென்ஸையும் இடுக்கியையும் எடுத்துப் போங்கள். பின்பக்கம் பார்க்க விடாதவரிடம் வாங்காதீர்கள். இணையத்தில் என்றால் இரண்டு பக்கப் படமும், நாணயத்துக்குச் சாய்ந்த ஒளியில் ஒரு படமும் கேளுங்கள். முன்பக்கப் படம் மட்டும் போட்டிருந்தால் பின்பக்கத்தில் ஏதோ இருக்கிறது என்றே வைத்துக்கொள்வேன். திருப்பித் தர எத்தனை நாள், சான்றிதழ் மறுக்கப்பட்டால் பணம் திரும்புமா என்பதை வாங்கும் முன் எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஏலம் என்றால் உச்ச வரம்பை முந்தின நாளே எழுதி வைத்துவிடுங்கள், கட்டணங்களையும் சேர்த்து.

ஏழாம் படி: வாங்கிய தரம் கெடாமல் இருக்கட்டும்

மென்மையான, வாடை வீசும் பிவிசி உறைகள் நாணயத்துக்கு எமன். அந்தப் பிளாஸ்டிக் நாளடைவில் சிதைந்து செம்பிலும் வெள்ளியிலும் பச்சைப் பிசுக்கைப் படியவிடும், உலோகத்தை அரிக்கும். பாலியெஸ்டர் உறை, அமிலமில்லாத அட்டை, கெட்டியான அக்ரிலிக் பெட்டி ஆகியவை பாதுகாப்பானவை. ரப்பர் பேண்டையும் சாதாரண அட்டைப் பெட்டியையும் வெள்ளிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், கந்தகம் கறுக்கச் செய்துவிடும். பிசுக்குப் படிந்துவிட்டால் கண்ணாடிக் கிண்ணத்தில் தூய அசிட்டோனில் ஊறவைக்கலாம்: காற்றோட்டமான இடத்தில், நெருப்புப் பக்கமே போகாமல், தேய்க்காமல். நகப்பூச்சு நீக்கியில் வேறு பொருள்கள் கலந்திருக்கும், அது கூடாது. மற்றபடி நாணயத்தைச் சுத்தம் செய்யவே வேண்டாம்.

தபால் தலைக்கு ஈரமும் வெயிலும் எதிரி. ஈரப்பதம் 50 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. ஏறி ஏறி இறங்குவது அதைவிடக் கெடுதல். கோந்துள்ள தலைகளைப் பக்கங்கள் இறுக அழுந்தும்படி அடுக்கி வைக்காதீர்கள், ஒட்டிக்கொண்டால் கோந்தும் போகும். ஆல்பத்தைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வையுங்கள்.

எட்டாம் படி: பதிவேடும் கழிப்பும்

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி: என்ன, எப்போது, யாரிடம், என்ன விலை, வாங்கிய அன்று நீங்கள் கண்ட குறைகள், எந்த விதியைத் தளர்த்தி வாங்கினீர்கள். கடைசி இரண்டும்தான் முக்கியம். ஆண்டுக்கு ஒரு முறை அந்தப் பத்தியை மட்டும் மேலிருந்து கீழாகப் படியுங்கள். ஒரே விதியைத் திரும்பத் திரும்பத் தளர்த்தியிருந்தால் இரண்டில் ஒன்று: விதி நடைமுறைக்கு ஒத்துவரவில்லை, அல்லது அந்த வகைப் பொருள் எதிரே வந்தால் உங்களால் பொறுக்க முடிவதில்லை. எது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். முதலாவது என்றால் விதியைத் திருத்துங்கள், இரண்டாவது என்றால் அந்த வகைக்கு ஒரு நாள் பொறுத்து முடிவெடுப்பது என்று ஒரு வரி சேருங்கள்.

நல்ல பிரதி ஒன்று வந்ததும் பழைய பிரதியைக் கழித்துவிட வேண்டும். விட மனம் வராமல் இரண்டையும் வைத்துக்கொள்வதில்தான் ஆல்பம் மறுபடியும் கூட்டமாகத் தொடங்குகிறது. ஆராய்ச்சிக்காகத் தேவைப்படுபவற்றுக்கும் சந்தேகத்துக்குரியவற்றுக்கும் தனிப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள், முதன்மை ஆல்பத்தில் கலக்காதீர்கள். கழிப்பதை விற்கும்போதும், பரிமாறும்போதும், புதிதாகத் தொடங்கும் ஒருவருக்குக் கொடுக்கும்போதும், பதிவேட்டில் எழுதிய குறைகளை அப்படியே உறையின் மேல் பென்சிலால் எழுதிக் கொடுங்கள்: “மேல் வலப் பல் இல்லை, பின்னால் மெலிவு, மறுகோந்து.”